குயில் முட்டையை எடுத்துப் போடலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் செட்டிநாட்டில் விடிவதற்கு முன்பே குயில் கூவத் தொடங்கிவிடும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், எந்த ஊரானாலும் சரி. இங்கே பெரிய வீடுகள் பலவற்றில் ஆள் கிடையாது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு என்று வந்தால்தான் கதவு திறக்கும். ஆனால் பின்கட்டு வேம்பில் குடித்தனம் நடக்காத வருடமே இல்லை. வேம்பு இருந்தால் காக்கைக் கூடு இருக்கும். காக்கைக் கூடு இருந்தால் குயில் வந்தே தீரும்.

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பருவத்தில் கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், காக்காய்க் கூட்டில் குயில் முட்டை கிடக்குது. எடுத்துப் போட்டுடலாமா?" சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், "குஞ்சே பொரிச்சிருச்சு சார், தூக்கி வேற எங்கேயாவது விட்டுடவா?" என்பார்கள். கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், விட்டுவிடுங்கள். ஆனால் "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்குப் பிடிப்பதில்லை. உலகத்தில் சில இடங்களில் எடுத்தே தீர வேண்டியிருந்தது. அங்கே ஏன், இங்கே ஏன் வேண்டாம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் குயில் செய்யும் வேலையைப் பார்ப்போம். நம்மில் பலருக்குக் குயிலைக் காதால்தான் தெரியும். நன்றாகப் பாடும் பெண்ணைக் குயில் என்று புகழ்கிறோம். மேடைக்கு மேடை பட்டமும் கொடுக்கிறோம். உண்மையில் நாம் கேட்கும் அந்த 'கூ...ஊ' ஆண் குயிலின் குரல். பளபளக்கும் கறுப்பு உடம்பு, ரத்தச் சிவப்புக் கண். பெண்ணுக்குப் பழுப்பு உடம்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளியும் வரியும். அதன் குரல் 'கிக் கிக் கிக்' என்று கொத்துவது போல இருக்கும். பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டையும் வேறு வேறு பறவை என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சியின் வீட்டில், மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் வேம்பின் நடுக்கிளை கண்ணுக்கு நேராக வரும். அங்கே ஒரு காக்கைக் கூடு. காக்கைக் கூட்டைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? கீழிருந்து பார்த்தால் குப்பை மாதிரி தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் அதன் வேலைப்பாடு புரியும். வெளியே குச்சியும், கட்டட வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பித் துண்டுகளும். உள்ளே தென்னை நார் மெத்தை. அதில் நாலு முட்டை, வெளிறிய நீலப்பச்சை, மேலே பழுப்புத் தீற்றல்.

ஒருநாள் காலையில் ஆண் குயில் ஒன்று பக்கத்துப் புளியமரத்தில் வந்து உட்கார்ந்து உரத்த குரலில் கூவியது. ஒளிந்து கூவுகிற பறவை, அன்றைக்கு எல்லாரும் பார்க்கட்டும் என்பது போல வெட்டவெளிக் கிளையில் உட்கார்ந்திருந்தது. காக்கை இரண்டுக்கும் ஆத்திரம். கத்திக்கொண்டே அதைத் துரத்திப் போயின. அது ஓடுவது போல ஓடி, நின்று, மறுபடியும் கூவி, இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. அந்த நேரத்தில் இலை மறைவில் இருந்து பழுப்புக் குயில் இறங்கியது. கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது, உள்ளே போனது, எழுந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் ஆள் இல்லை. கூட்டில் ஐந்தாவதாக ஒரு முட்டை கிடந்தது. கொஞ்சம் சின்னது, சாம்பல் பச்சை, அதே மாதிரிப் புள்ளிகள். வண்ணத்தில் ஏறக்குறைய சரி, அளவில் மட்டும் குறைவு.

காக்கை திரும்பி வந்தது. குனிந்து பார்த்தது. அலகால் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

ஆச்சி எனக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாதவர். "ஏன் தம்பி, இந்தக் காக்காய்க்குக் கண்ணு தெரியலையா? யார் வீட்டுப் பிள்ளைன்னு கூடவா தெரியாது?" என்றார்.

"தெரியலை ஆச்சி."

"அப்ப எடுத்துப் போட்டுடு. பாவம்ல, வாயில்லாச் சீவன்."

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். "சரி விடு. நம்மள்ல பிள்ளை கூட்டிக்கிறதில்லையா, அந்த மாதிரின்னு நினைச்சுக்க வேண்டியதுதான்."

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பவில்லை. பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி, பங்காளிகள் ஒப்பி, ஊரறியச் செய்கிற காரியம். இங்கே காக்கையை யாரும் கேட்கவில்லை. குயில் செய்வது ஏமாற்று வேலை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏமாற்று வேலை என்பதாலேயே நாம் தண்டிக்கக் கிளம்ப வேண்டுமா என்பதுதான் கேள்வி.

குயில் முட்டை இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும். காக்கை முட்டைக்கு இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆகும். முந்திப் பிறந்தவன் முதல் வாய்ச் சோற்றை வாங்கிக்கொள்வான். ஆனால் நம் குயில் குஞ்சு மற்ற முட்டைகளை எப்போதும் வெளியே தள்ளிவிடுவதில்லை. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஐரோப்பியக் குயிலைப் பற்றிப் படித்துவிட்டு அதையே நம் குயிலுக்கும் ஏற்றிச் சொல்கிறார்கள். அங்கே நடப்பது வேறு. கண் திறக்காத, ஒரு மயிர்கூட முளைக்காத குயில் குஞ்சு, தன் முதுகுப் பள்ளத்தில் அடுத்தவர் முட்டையை ஏற்றி, கால்களை ஊன்றி, பின்பக்கமாக ஏறிப் போய் வெளியே தள்ளும். இதை நேரில் பார்த்து 1788-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர் எட்வர்டு ஜென்னர். பின்னாளில் பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தாரே, அவரேதான். அப்போது பலர் அவரை நம்பவில்லை.

இன்னும் கொடூரம் ஆப்பிரிக்காவில். தேன்காட்டிப் பறவை என்று ஒன்று. தேன்கூடு இருக்கும் இடத்துக்கு மனிதனைக் கூட்டிக்கொண்டு போகும் பறவை என்று அதற்கு நல்ல பெயர் உண்டு. அதன் குஞ்சு பிறக்கும்போதே அலகு நுனியில் கொக்கி. வளைக்குள் இருட்டில் தன் கூடப் பொரிந்த பஞ்சுருட்டான் குஞ்சுகளைக் குத்திக் கொன்றுவிடும். சாம்பியாவில் கேமரா வைத்து 2011-ல் இதைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. அதோடு ஒப்பிட்டால் நம் ஊர்க் குயில் சாது.

அந்த வேப்பமரத்துக் கூட்டில் கடைசியில் தேறியது ஒரு குயில் குஞ்சு, ஒரு காக்கைக் குஞ்சு. மற்றவை இரை கிடைக்காமல் செத்துப்போயின. குயில் குஞ்சு கூட்டில் இருக்கும் வரைக்கும் ஆணோ பெண்ணோ கறுப்புச் சாயல்தான். ஆரம்பத்தில் குரலும் காக்கைக் குரலாகவே இருக்கும். வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பாக ஒரு பள்ளம். காக்கை அதற்குள் தலையையே விட்டு ஊட்டியது. கூட்டைவிட்டு வெளியே வந்த பிறகும், கிளையில் உட்கார்ந்து சிறகை நடுக்கிக் கெஞ்சும் அந்தப் பிள்ளைக்குக் காக்கை சில வாரங்கள் ஊட்டும். தாய்க் குயிலே பக்கத்தில் வந்து தன் குஞ்சுக்கு இரை கொடுத்ததையும் சில இடங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். முழுசாகக் கைகழுவிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

சரி, ஆச்சி கேட்ட கேள்விக்கு வருவோம். காக்கை ஏன் கண்டுபிடிப்பதில்லை? மனிதர் முகத்தை வருடக்கணக்கில் நினைவில் வைத்துக்கொள்ளும் இனம் அது. வடாம் காயவைத்த மொட்டைமாடியில் யார் கல் எறிவார்கள், யார் எறிய மாட்டார்கள் என்று கணக்கு வைத்திருக்கும். அவ்வளவு புத்தி உள்ள பறவைக்குத் தன் முட்டை தெரியாதா?

இதற்கு ஒரு சுவாரசியமான விளக்கம் உண்டு. இஸ்ரேலைச் சேர்ந்த ஆர்னோன் லோடெம் என்ற ஆய்வாளர் 1993-ல் சொன்னது. பறவை தன் குஞ்சு எப்படி இருக்கும் என்பதை முதல் ஈற்றில் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் ஈற்றிலேயே குயில் புகுந்து, மற்றவற்றைத் தள்ளிவிட்டு, ஒற்றைக் குஞ்சாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால்? 'இதுதான் என் பிள்ளை' என்று அந்தத் தாய் மனப்பாடம் செய்துகொள்ளும். அடுத்த வருடம் தன் சொந்தக் குஞ்சைப் பார்த்து, 'யாரோ அந்நியன்' என்று பட்டினி போட்டுவிடும். ஒரு தடவை ஏமாந்தால் நஷ்டம் ஒரு ஈற்றோடு போகும். தப்பாகக் கற்றுக்கொண்டால் நஷ்டம் ஆயுசுக்கும். அதனால் கூட்டில் வாய் திறந்தவனுக்கெல்லாம் சோறு போடுவது மொத்தத்தில் மலிவான வழி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிறோமே, அதில் காக்கையை நையாண்டி செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் கணக்கைப் படித்த பிறகு காக்கை மேல் மரியாதை வந்துவிட்டது.

லோடெம் கணக்குப் போட்டது மற்றவற்றைத் தள்ளிவிடும் ஐரோப்பியக் குயிலை வைத்து. நம் காக்கைக் கூட்டில் சொந்தக் குஞ்சும் கூடவே இருக்கும் என்பதால் அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் சந்தேகப்பட்டு எறிவதற்கும் ஒரு விலை உண்டு என்பது பொதுவானதுதான். எறிவது தன் முட்டையாகவே இருந்துவிட்டால்?

குயில் மட்டுமே இப்படி என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் ஏறக்குறைய 100 பறவை இனங்கள் கூடே கட்டாமல் அடுத்தவர் கூட்டை நம்பி வாழ்கின்றன. நம் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டில் தவிட்டுக்குருவிக் கூட்டம் தரையில் தத்தித் தத்திப் போகுமே, ஏழெட்டாகச் சேர்ந்து ஓயாமல் சண்டை போடுவது போலப் பேசிக்கொண்டு, அவற்றின் கூட்டில் சுடலைக்குயில் முட்டையிடும். கொண்டையும் கறுப்பு வெள்ளையுமாக அழகான பறவை. தவிட்டுக்குருவி முட்டை நல்ல நீலம். சுடலைக்குயில் முட்டையும் அதே நீலம். இன்னொரு பக்கம், குயிலின் சொந்தக்காரனான செம்போத்து தானே கூடு கட்டித் தன் பிள்ளையைத் தானே வளர்க்கிறது. குடும்பத்துக்குள்ளேயே இரண்டு விதம். கண்மாயில் நீந்தும் தாழைக்கோழிகூடச் சில சமயம் தன் இனத்தின் பக்கத்துக் கூட்டிலேயே ஒரு முட்டையை நைசாக வைத்துவிட்டு வந்துவிடும். அதைப் பற்றி யாரும் என்னிடம் புகார் சொன்னதில்லை.

இப்போது தலையிடுவதைப் பற்றி.

அமெரிக்காவில் மிச்சிகன் என்று ஒரு மாநிலம். அங்கே கிர்ட்லண்ட் வார்ப்ளர் என்றொரு சிட்டு. மஞ்சள் வயிறு, சாம்பல் முதுகு. அது ஒரே ஒரு மாதிரி இடத்தில்தான் கூடு கட்டும்: ஜாக் பைன் மரங்கள் இளசாக நிற்கிற காட்டில், தாழ்ந்த கிளைக்கு அடியில், தரையில். மரம் வளர்ந்து முற்றிவிட்டால் அந்தக் காட்டை விட்டுவிடும். ஜாக் பைன் காய் வெடித்து விதை சிந்துவதற்கு நெருப்புச் சூடு வேண்டும். அவ்வப்போது காட்டுத் தீ வந்து, பழைய மரம் எரிந்து, புது மரம் முளைத்தால்தான் இந்தச் சிட்டுக்கு வீடு. மனிதர்கள் வந்து தீயை அணைத்து அணைத்து, இளங்காடே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அதே காலத்தில் கௌபேர்டு என்ற பறவை அங்கே வந்து சேர்ந்தது. இதுவும் கூடு கட்டாத வகை. முன்பு வட அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளியில் காட்டெருமைக் கூட்டத்தின் பின்னால் பூச்சி பொறுக்கிக்கொண்டு திரிந்தது. நாள்பூரா நகர்கிற கூட்டத்தோடு போகிறவன் எங்கே அடைகாப்பது? போகிற வழியில் கண்ட கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போயிற்று. வெள்ளைக்காரர்கள் காட்டை வெட்டி, வயலும் மாட்டுப் பண்ணையும் போட்டபோது, அதுவும் மாட்டின் பின்னாலேயே கிழக்கே பரவியது. அங்கே இருந்த சிட்டுகளுக்கு இந்தத் திருடனைத் தெரியாது. பழகிக்கொள்ளக் காலமும் இல்லை. 1961-ல் எண்ணியபோது பாடும் ஆண் சிட்டுகள் சுமார் 500. பத்து வருடம் கழித்து 1971-ல் சுமார் 200. பத்துக் கூட்டில் ஏழில் கௌபேர்டு முட்டை.

1972-ல் கௌபேர்டைப் பொறிவைத்துப் பிடிக்க ஆரம்பித்தார்கள். பெரிய கம்பிக் கூண்டு, உள்ளே தானியமும் தண்ணீரும், கூப்பிட்டுச் சேர்க்க ஒரு சில கௌபேர்டுகள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்றார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. முட்டை திணிப்பு பத்தில் ஏழு என்று இருந்தது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது.

அப்புறம் சிட்டு பெருகியதா? உடனே இல்லை. இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். சரிவு நின்றது, அவ்வளவுதான். 1987-ல்கூட எண்ணிக்கை 167-க்கு இறங்கியது. 1980-ல் பிடித்த ஒரு பெரிய தீயில் எரிந்த காடு மறுபடியும் முளைத்து, இளமரமாக நின்றபோதுதான், கூடவே அரசும் ஜாக் பைன் நட்டு வளர்த்தபோதுதான், சிட்டு ஏறுமுகமானது. 2019-ல் அழிவுப் பட்டியலில் இருந்தே அதை எடுத்துவிட்டார்கள். அதற்குச் சற்று முன்பு பொறிகளையும் நிறுத்திப் பார்த்தார்கள். முட்டை திணிப்பு திரும்பித் தலையெடுக்கவில்லை. முட்டைத் திருடனைப் பிடித்தது உயிரைப் பிடித்துவைத்தது. பிழைக்க வைத்தது காடு.

என் கருத்து இதில் இருந்து வந்ததுதான். பாதிக்கப்படும் இனமே ஒழிந்துபோகும் நிலையில் இருந்தால், அந்த நிலைக்கு மனிதன் காரணம் என்றால், அப்போது தலையிடலாம், தலையிடவும் வேண்டும். அதையும் தெரிந்தவர்கள், அனுமதியோடு, வருடக்கணக்கில் கூடவே இருந்து செய்ய வேண்டும். ஒரு கூட்டைப் பார்த்து நமக்கு மனசு பதறுகிறது என்பது காரணமாகாது.

பதறி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே ஒரு பாடம் கிடைத்தது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் பெட்டிக் கூடுகளில் வாழும் மஞ்சள் சிட்டுகளை வைத்துச் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். கௌபேர்டு முட்டையை எடுத்துவிட்ட கூடுகளில் 100-க்கு 56 பின்னால் வந்து சூறையாடப்பட்டன. முட்டையை விட்டுவைத்த கூடுகளில் சூறையானது வெறும் 6. கௌபேர்டு நுழைய முடியாதபடி வாசலைச் சின்னதாக்கிய கூடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, சூறையாடியது யார் என்பதில் சந்தேகமில்லை. முட்டையிட்டவள் திரும்பி வந்து பார்க்கிறாள்; தன் முட்டை இல்லையென்றால் கூட்டைப் பிரித்துப் போடுகிறாள். வட்டி வரவில்லை என்றால் வீடு தேடி வருகிற வசூல்காரன் புத்தி. முட்டையை எடுத்துப் புண்ணியம் தேடியவர், அந்தச் சிட்டின் மொத்தக் குடித்தனத்தையும் கெடுத்துவிட்டார்.

நம் குயில் இப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. நாம் பார்ப்பது ஒரு கூட்டின் ஒரு நாள் என்பதைச் சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டில் 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைவிட வேடிக்கை. அங்கே ஒரு புள்ளிக் குயில், நம் அண்டங்காக்கை மாதிரியான ஒரு கரிய காக்கையின் கூட்டில் முட்டையிடும். அதன் குஞ்சைத் தொட்டால் சகிக்க முடியாத நாற்றம் பிடித்த ஒரு திரவத்தைப் பீய்ச்சும். பூனையும் வல்லூறும் அந்தப் பக்கமே வராது. அதனால் குயில் குஞ்சு இருந்த கூடுகளில் ஒரு காக்கைக் குஞ்சாவது தேறுவது அதிகமாக இருந்தது. எதிரிகள் குறைவாக இருக்கும் வருடத்தில் குயில் நஷ்டம்; எதிரிகள் அதிகமான வருடத்தில் அதே குயில் காவல்காரன். ஜன்னலில் நின்று பார்க்கிற நமக்கு இது எப்படித் தெரியும்?

செட்டிநாட்டுக்கு வருவோம். இங்கே காக்கைக்கு என்ன பஞ்சம்? மனிதன் சோறு கொட்டும் இடமெல்லாம் காக்கை பெருகும். கல்யாண வீட்டு எச்சில் இலை, சந்தைக் கழிவு, அமாவாசைச் சோறு எல்லாம் அதற்குத்தான். கப்பல் ஏறிப்போன நம் ஊர்க் காக்கை ஆப்பிரிக்காவில் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. 1890-களில் சான்சிபாருக்குக் கொண்டுபோனார்கள். இன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுக்க மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது. பத்து லட்சம் காக்கைகளைக் கொல்லப்போவதாக 2024-ல் கென்யா அறிவித்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், குயில் நமக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறது.

குயில் கூட்டில் வளரும்போதுதான் ஊரான் சோறு. வளர்ந்த பிறகு பழம்தான் அதன் பிரதான சாப்பாடு. ஆலம்பழம், அரசம்பழம், வேப்பம்பழம், கறிவேப்பிலைப் பழம். நமக்கு விஷமான மஞ்சள் அரளிப் பழத்தைக்கூடத் தின்றுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். தின்றதன் விதையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிட்டுப் போகும். பூட்டிக் கிடக்கிற வளவுகளில் யாரும் நடாமல் கறிவேப்பிலைக் கன்று முளைத்து நிற்கிறதே, அதில் குயிலுக்கும் பங்கு உண்டு.

எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. நம் இரக்கம் ஆள் பார்த்து வருகிறதோ என்று. மரத்தில் கூவும் வரைக்கும் குயில் கவிக்குயில். காக்கை கறுப்புச் சனியன். கூட்டுக்குள் எட்டிப் பார்த்தவுடன் கட்சி மாறிவிடுகிறோம்: காக்கை ஏமாந்த தாய், குயில் திருட்டுக் குடும்பம். தவிட்டுக்குருவி ஏமாறும்போது யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. கூட்டில் எந்தக் குஞ்சைக் காப்பாற்றினாலும் இன்னொன்று சாகும். நீதிபதி நாற்காலியில் உட்கார நமக்கு என்ன தகுதி என்று நான் கேட்க மாட்டேன். மிச்சிகனில் உட்கார்ந்தார்கள், சரியாகவும் தீர்ப்புச் சொன்னார்கள். இங்கே வழக்கே இல்லை.

சட்டமும் இருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், அதுவும் 1972-தான். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும் அந்தச் சட்டத்தின் கணக்கில் வேட்டையாடுவதில் சேர்த்தி. குயில் குஞ்சை எடுத்துவந்து கூண்டில் வளர்ப்பதும் குற்றம்தான். இது தெரியாமலேயே ஆசைப்பட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. சித்திரை, வைகாசியில் குஞ்சு கீழே விழுந்து கிடக்கும். சிறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகும் பிள்ளை. பூனை, நாய் எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு விலகிப் போங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை. பெரும்பாலான பறவைகளுக்கு அப்படியெல்லாம் கிடையாது. நீங்கள் நின்றுகொண்டே இருந்தால்தான் தாய் வராது. அத்தோடு காக்கை உங்கள் தலையில் கொத்தும். பாலும் சோறும் ஊட்ட வேண்டாம், வாயைப் பிளந்து தண்ணீரும் ஊற்ற வேண்டாம். காயம் பட்டிருந்தால் ஓர் அட்டைப்பெட்டியில் துணியைப் போட்டு, இருட்டாக வைத்து, கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேர்த்துவிடுங்கள். நன்றாக வளர்ந்த குயிலைக் காக்கைகள் சூழ்ந்து விரட்டினால், அது பழைய பகை. அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

அதைவிட முக்கியம் மரம். இந்தப் பக்கம் வீட்டைப் புதுப்பிக்கிற வேலையும், ஹோட்டலாக மாற்றுகிற வேலையும் நிறைய நடக்கிறது. சுண்ணாம்புச் சுவரையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். பின்கட்டு வேம்பை மட்டும் 'இலை கொட்டுது' என்று ஒரே நாளில் சாய்த்துவிடுகிறார்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பங்குனியில் இருந்து ஆடி வரைக்கும் பொறுங்கள். கம்பியில் உரசும் கிளையைக் கழிக்க ஆள் வந்தால், கூடு இருக்கும் கிளை எது என்று காட்டிக் கொடுங்கள். ஒரு கிளையை வெட்டினால் போகிற கூடுகள், ஒரு குயில் வாழ்நாள் முழுக்கக் கெடுக்கிற கூடுகளைவிட அதிகமாக இருக்கலாம்.

திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-ல் அறிவித்தது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும், சத்தத்தில் குஞ்சு மிரளும் என்பதற்காகத் தலைமுறையாக விட்டுவிட்டார்கள். அங்கேயும் பாம்பு ஏறி முட்டை குடிக்கும், பருந்து குஞ்சைத் தூக்கும். அதையெல்லாம் தடுக்க அவர்கள் கம்போடு நிற்பதில்லை. தங்கள் கையால் வரக்கூடிய தொல்லையை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ஐப்பசிக்குப் பிறகு தண்ணீர் இருக்கும் வருடத்தில் ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். காலையில் சீக்கிரம் போனால் நல்லது. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், பிள்ளைகளுக்குப் பச்சை, காக்கி மாதிரி மங்கிய நிறத்தில் சட்டை போட்டுக் கூட்டிப் போங்கள்.

வணக்கம்.